பூஞ்சை இழையின் ஈரம்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் உருளைக்கிழங்கு வேகவைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இருநூறு கிராம் கிழங்கு. தோல் சீவி, சிறு சதுரங்களாக நறுக்கி, அரை மணி நேரம். வடித்த தண்ணீரில் குளுக்கோஸும், அதைக் கெட்டியாக உறையவைக்கும் அகாரும் சேர்த்துக் குக்கரில் வைத்து இறக்கினால் பூஞ்சைக்குச் சாப்பாடு தயார். வெந்த கிழங்கு எனக்கு. உப்பும் மிளகும் தூவிச் சாப்பிட்டேன். தொடர்ந்து நாலாவது நாளாக இதுதான் காலை உணவு.

இந்த டைரி சங்கத்துக்கு உரம் விற்க வந்தவர் கொடுத்தது. பத்து மாதம் வெறுமையாகக் கிடந்தது. பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் தேதி போட்டு எழுதுவது நல்ல பழக்கம்.

மலை விவசாயிகள் சங்கத்தின் மிளகுக் கிட்டங்கிக்கு மேல் இரண்டு அறைகள். ஒன்றில் வேலை, ஒன்றில் நான். மழைக்காலத்தில் மிளகுக்கொடியின் அடித்தண்டு கறுத்து அழுகும். ஒரு வாரத்தில் கொடியே வாடிவிடும். அதைத் தடுக்க ஒரு பூஞ்சையை வளர்த்து, மாவுபோன்ற கல்பொடியில் கலந்து, பாக்கெட்டாகப் போட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறோம். தொழுவுரத்தில் கலந்து கொடியடியில் போட வேண்டும். பூஞ்சைக்கு நீளமான பெயர் உண்டு. இங்கே எல்லோருக்கும் அது ‘விரிடி’.

முன்பு இந்த விரிடியின் இழைகளில் ஏதோ ஒரு பாக்டீரியா கொழகொழவென்று ஒட்டிக்கொண்டே வரும். என்னோடு இங்கே வேலை பார்த்த மெஹர் ஜனவரியில் வேலையை விட்டபிறகு, பிப்ரவரியில் நான் அதைச் சுத்தம் செய்தேன். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்த அகார் தட்டில் மூன்று முறை மாற்றி மாற்றி வளர்த்தேன். பழைய வளர்ப்பு இருந்த குழாய்களையெல்லாம் குக்கரில் போட்டு அழித்துவிட்டேன். செப்டம்பரில் கொடுத்த பாக்கெட்டுகள் சுத்தமான வளர்ப்பிலிருந்து போனவை. தட்டில் பார்த்தால் பச்சை வெல்வெட் போல இருக்கிறது. ஒரு புள்ளி அழுக்கு இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

மழை. மின்சாரம் இல்லை. அடுப்பில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒச்சம்மாள் வந்தார். ஓடைக்கரையில் தனியாக முந்நூறு கொடி வைத்துப் பார்ப்பவர். பிள்ளைகள் கீழே ஊரில் இருக்கிறார்கள். மஞ்சள் பையிலிருந்து ஒரு கொடியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். தரையை ஒட்டியிருந்த தண்டு கறுத்திருந்தது. இலைகள் பிடித்து இழுக்காமலே உதிர்ந்தன.

வடிகால் சரியில்லாமல் இருக்கும், தண்ணீர் தேங்கியிருக்கும் என்று சொன்னேன்.

“போன வருசமும் இம்புட்டு மழதானே மேடம்” என்றார்.

போடும்போது தொழுவுரம் ஈரமாக இருந்ததா, ரசாயன மருந்து ஏதாவது ஊற்றினீர்களா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். போகும்போது, மெகரம்மா இனி வரமாட்டாங்களா என்று கேட்டார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றேன். கொடியை என் மேசையிலேயே விட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

தங்கை கல்பனா திருப்பூரிலிருந்து பேசினாள். அங்கே யாராவது இருக்கிறார்களா என்றாள். நிறையப் பேர் இருக்கிறோம் என்றேன். தட்டுகளையும் சேர்த்துச் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம்.

வளர்ப்பைத் தினமும் பார்க்க ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பதினோரு வருடமாக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. தீபாவளிக்கு மெஹர் இங்கே இருப்பாள், நான் ஊருக்குப் போவேன். ரம்ஜானுக்கு நான் இருப்பேன், அவள் வத்தலக்குண்டுக்கு இறங்குவாள். மாற்றிக்கொள்ள இப்போது ஆள் இல்லை.

அவள் இருந்தபோது வெந்த கிழங்கு இருவருக்கும் பாதிப் பாதி. வீட்டிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவருவாள். பூஞ்சையின் எச்சிலைத் தின்று படிப்பைக் காப்பாற்றுகிறோம் என்பாள். எம்.எஸ்சி. இருவரும் ஒரே வருடம், ஒரே பெஞ்சு.

ஊறுகாய் பாட்டிலின் அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கெட்டுப்போயிருக்கும்.

அக்டோபர் 27, திங்கள்

ஒச்சம்மாளின் தோட்டத்துக்குப் போனேன். நேற்று மூன்று பேர், முந்தாநாள் இரண்டு பேர் வந்து இதே புகாரைச் சொன்னதால், கீழே இறங்காமல் முடியவில்லை.

வரிசை வரிசையாகக் கொடிகள் மரத்தோடு ஒட்டியபடியே காய்ந்திருந்தன, மற்றவை மஞ்சளடித்திருந்தன. காய்ச்சரம் பச்சையாகவே சுருங்கித் தொங்கியது. ஒச்சம்மாள் முன்னால் நடந்தார். கடைசியில் ஓடையை ஒட்டிய கல்கட்டு. தோட்டத்திலேயே அதிகம் தண்ணீர் நிற்கும் இடம் அதுதான். அங்கே ஒரு வரிசை மட்டும் கருகருவென்று தழைத்து நின்றது. எண்ணினேன். பதினெட்டுக் கொடி.

இதற்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். ஒச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“வைய மாட்டீகளே?”

“சொல்லுங்க.”

“போன வருசத்துப் பாக்கெட்டு ரெண்டு மிச்சம் கெடந்துச்சு. மெகரம்மா குடுத்தது. தேதி முடிஞ்சாப் போடக்கூடாதும்பீக. தூரப் போட மனசு வரல. யாரு பாக்கப் போறான்னு இந்தக் கடைசி வரிசைக்குப் போட்டுட்டேன்.”

தற்செயலாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்திலும் மண் எடுத்துக்கொண்டு வந்தேன். மேலே ஏறி வருவதற்குள் நனைந்துவிட்டேன். சேலையை அலசிப் போட்டேன். செருப்பைத் தேய்த்துக் கழுவினேன். பிறகு வாசலையும் கழுவினேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

தற்செயல் என்றால் பதினெட்டில் நாலைந்துதான் நிற்கும்.

முதல் நாள் குறிப்பில் மெஹர் வேலையை விட்டாள் என்று எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால், சங்கத்தின் குழுதான் அவளை நிறுத்தியது. வளர்ப்பில் பாக்டீரியா கலந்திருக்கிறதா என்று என் கருத்தைக் கேட்டார்கள். கலந்திருந்தது. இருக்கிறது என்று சொன்னேன்.

நவம்பர் 1, சனி

மண்ணைக் கரைத்துத் தட்டில் இட்டது வளர்ந்துவிட்டது.

காய்ந்த வரிசை மண்ணிலிருந்து வந்த விரிடி, என் வளர்ப்பைப் போலவே உலர்ந்த பச்சை. பதினெட்டுக் கொடி மண்ணிலிருந்து வந்ததும் அதே விரிடிதான். ஆனால் இழைகள் மினுமினுக்கின்றன. நான் பிப்ரவரியில் விரட்டிய அதே கொழகொழப்பு.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இழையைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம். அதில் குட்டைக் குச்சிகள் போன்ற பாக்டீரியாக்கள். துணி காயும் கொடிக்கயிற்றில் எறும்பு போவதுபோல இழையைப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தன. சில நின்றன, சில திரும்பின, பெரும்பாலானவை இழை வளரும் நுனியை நோக்கியே போயின.

மதியம் சாப்பிட மறந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

கெட்டியான அகாரின் நடுவில் கத்தியால் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டேன். தட்டின் நடுவில் காய்ந்த வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். இந்தக் கரையில் வைப்பது அந்தக் கரைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று தட்டுகள். ஒன்றில் பாக்டீரியா மட்டும். ஒன்றில் பூஞ்சை மட்டும். மூன்றாவதில் இரண்டும்.

நவம்பர் 8, சனி

முதல் தட்டு: பாக்டீரியா பள்ளத்தின் விளிம்புவரை வந்து, அங்கேயே தேங்கி நிற்கிறது. தண்ணீர் இல்லாத இடத்தை அதனால் தாண்ட முடியாது. இரண்டாவது தட்டு: பூஞ்சை பள்ளத்தின் குறுக்கே வெறும் காற்றில் இழை நீட்டி அக்கரையைப் பிடித்திருக்கிறது. மூன்றாவது தட்டு: பூஞ்சையும் போயிருக்கிறது. அதன் இழையை நனைத்திருக்கும் ஈரத்தில் ஏறி, பாக்டீரியாவும் அக்கரையில் இருக்கிறது.

மண்ணும் இப்படித்தான். எவ்வளவு மழை பெய்தாலும் மண்துகள்களுக்கு நடுவே காற்றுப் பள்ளங்கள் இருக்கும். தொழுவுரத்தில் போட்ட பாக்டீரியா தனியாக வேர்வரை போகாது. விரிடி தனியாகப் போகும். ஆனால் வேர்மேல் அதிக நாள் தங்காது, திரும்பவும் உரத்தையே தேடிக்கொள்ளும். வேரைச் சுற்றிக் குடியிருந்து அழுகலைத் தடுத்தது, அதன்மேல் ஏறிப் போன பாக்டீரியாவாகத்தான் இருக்க வேண்டும். நான் கொடுத்த பாக்கெட்டுகளில் பாலம் இருந்தது. அதில் போக யாரும் இல்லை.

உறுதியாகச் சொல்ல இது போதாது. பன்னிரண்டு மிளகுக் கன்றுகளைப் பையில் வைத்து, ஆறுக்குச் சுத்தமான விரிடி, ஆறுக்குப் பாக்டீரியாவும் சேர்ந்த இந்தக் கூட்டு என்று போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒச்சம்மாள் தோட்டத்து அழுகல் மண்.

கல்பனாவைக் கூப்பிட்டேன். பூஞ்சை ஒன்று இருக்கிறது, அதன் இழையில், என்று ஆரம்பித்தேன். சாப்பிட்டியாக்கா என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

இதைச் சொன்னால் பாதியிலேயே புரிந்துகொண்டு, மீதியை எனக்கே சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

நவம்பர் 15, சனி

தரை துடைத்தேன். குழாய்கள் நாற்பத்திரண்டும் கழுவிக் கவிழ்த்தேன்.

நவம்பர் 24, திங்கள்

சுத்தமான விரிடி போட்ட ஆறு கன்றில் ஐந்து வாடிவிட்டன. கூட்டுப் போட்ட ஆறும் நிற்கின்றன.

சங்கச் செயலாளர் தங்கமாயனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கன்றுகளைத்தான் பார்த்தார், தட்டுகளைப் பார்க்கவில்லை. மனிதர் மோசமானவர் இல்லை, பயந்தவர். மீதியுள்ள கொடிகளுக்கு உடனே இதைக் கொடுத்துவிடலாம் என்றார். சரி. புது வளர்ப்பு என்று பதிந்துவிடலாம் என்றார்.

இது புதிது இல்லை, பழையதுதான் என்றேன்.

“மேடம், பழசுன்னு சொன்னா, அப்ப எதுக்கு மாத்துனீகன்னு கேப்பாக. அந்தம்மாவ எதுக்கு அனுப்புனீகன்னு கேப்பாக. நீங்களா கண்டுபிடிச்சதா இருக்கட்டுமே. யாருக்கு என்ன கொறஞ்சுபோச்சு?”

அவர் போனபிறகு வளர்ப்புப் பதிவேட்டை எடுத்தேன். எண், தேதி, எடுத்த இடம், பிரித்தெடுத்தவர். கடைசிக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

நவம்பர் 25, செவ்வாய்

பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 27, வியாழன்

பக்கம் முழுவதும் எழுதிவிட்டுத்தான் தூங்குவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

குழு என்னைக் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ஜனவரி மூன்றாம் வாரம் நானாக ஒரு கடிதம் எழுதி, பெயர் போடாமல், தலைவர் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பினேன். வளர்ப்பில் பாக்டீரியா மாசு இருக்கிறது, பொறுப்பாளர் அதைத் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறார் என்று எழுதினேன்.

தெரிந்தேதான் விட்டுவைத்திருந்தாள். நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். “இருந்துட்டுப் போகட்டும் சுகந்தி. எடுக்க எடுக்கத் திரும்பி வந்து ஒட்டுதுன்னா, அதுக்கு அங்க ஏதோ வேலை இருக்கு. என்னன்னு பாப்போம்” என்பாள். அவள் மேசையில் காபி டம்ளரும் தட்டும் சேர்ந்தே இருக்கும். குறிப்புகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவாள். அவளுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டே பதினோரு வருடம் போனேன். விவசாயிகள் மாடிப்படி ஏறிவந்து என்னைத் தாண்டி எட்டிப்பார்த்து, மெகரம்மா இல்லையா என்பார்கள்.

சுத்தத்துக்காகத்தான் எழுதினேன் என்று பத்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். மாசு என்பதற்குத் தட்டில் ஆதாரம் இருந்தது. அது கெடுதல் செய்கிறது என்பதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. நான் தேடவும் இல்லை.

அவளிடம் விளக்கம் கேட்ட நாளில் நானும் அறையில் இருந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் குழாய்களுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

குழுவுக்குக் கடிதம் எழுதினேன், மூன்று பக்கம். இந்த முறை பெயர் போட்டேன். வளர்ப்பு மெஹருன்னிசாவுடையது, அதைக் கெடுத்தது நான், ஜனவரிக் கடிதமும் என்னுடையது. ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

தங்கமாயன் நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன், அதுவரை நீங்கள் யாரிடமும் பேசாமல் இருந்தால் நல்லது என்றார். வேலை இருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக ஒச்சம்மாளிடம் போனேன். கூட்டுப் பாக்கெட்டுகளை அவரே கலந்து போட்டுக்கொண்டிருந்தார். நானும் கூடப் போட்டேன். வேலை முடிந்து கைகால் கழுவும்போது சொன்னேன்: பூஞ்சையோடு இருந்த ஒன்றை அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிட்டேன், அதனால்தான் கொடிகள் போயின.

ஒச்சம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தார்.

“எம் மருமக வந்த புதுசுல தோசைக்கல்லச் சோப்புப் போட்டு வெளக்கிப்புட்டா. பளபளன்னு இருந்துச்சு. மாசக்கணக்குல ஒரு தோசை எந்திரிக்கல.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “கல்லு திரும்பப் பழகிரும் மேடம். எனக்கு நூத்தி நாப்பது கொடி போச்சு. அஞ்சு வருசத்துக் கொடி.”

நான் தலையாட்டினேன்.

“மெகரம்மாட்டச் சொல்லிட்டீகளா?”

“இல்ல.”

“எங்கிட்ட எதுக்கு மொதல்ல வந்தீக?”

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

காலை முதல் பேருந்தில் வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். மூன்றாவது தட்டைப் போல இன்னொன்று வளர்த்து, துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், கோயில் பிரசாதமா என்று கேட்டார்.

மெஹர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். விசாரித்து வைத்திருந்தேன், மார்ச்சிலேயே. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். முக்காட்டு ஓரத்தில் நரை தெரிந்தது. என்னைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள்.

“பேரு?”

“மெஹர்...”

“பேசண்ட் பேரு கேட்டேன்.”

“சுகந்தி.”

“வயசு?”

“உனக்குத் தெரியாதா?”

“ஃபார்ம்ல நம்பர் போடணும்.”

“நாப்பத்தாறு.”

“என்ன டெஸ்ட்டு?”

டெஸ்ட்டுக்கு வரவில்லை, பேச வந்தேன் என்றேன். எனக்குப் பின்னால் இருந்த வரிசையைப் பேனாவால் காட்டினாள்.

“டெஸ்ட்டுக்கு வந்தவங்கதான் இங்க உக்காரலாம். கூட்டத்தப் பாருங்க.”

“அப்ப எது வேணும்னாலும் எடு.”

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். கையில் ரப்பரைக் கட்டினாள். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்துவிட்டது. எப்போதும் அவள் கை அப்படித்தான். ரத்தம் குழாயில் ஏறும்போது சொன்னேன்.

“ஜனவரில அந்த லெட்டர நான்தான் எழுதினேன்.”

“தெரியும்” என்றாள். கண் குழாயில் இருந்தது. “என்னைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுனாங்க. ‘தெரிந்தே’ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தீங்க. நான் உங்ககிட்ட மட்டும் சொன்னது அது. பஞ்ச அழுத்திப் பிடிங்க.”

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, மற்றக் கையால் துணியை அவிழ்த்துத் தட்டை அவள் மேசையில் வைத்தேன். தொடமாட்டாள் என்று நினைத்தேன். குழாயில் என் பெயரை ஒட்டி, தாங்கியில் நிறுத்திவிட்டு, தட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். அக்கரையைப் பார்த்தாள். சாய்த்து மினுமினுப்பைப் பார்த்தாள். வெளியே யாரோ தன் முறை எப்போது என்று கேட்டார். அவள் காதில் விழவில்லை.

“எத்தன நாள்ல?”

“மூணு நாள்.”

“பூஞ்சை இல்லாம?”

“விளிம்புலயே நின்னுருச்சு.”

இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியை விரலால் அழுத்திவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“சரியா ஒட்டல பாருங்க. இங்க சளியும் ரத்தமும் இருக்கு. திறந்துறப்போகுது.”

ஒச்சம்மாளின் கொடிகளைப் பற்றிச் சொன்னேன். கடிதத்தின் நகலை ரசீதுப் புத்தகத்தின் கீழே வைத்தேன். மன்னிப்பு என்ற சொல்லைப் பேருந்தில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே வரவில்லை. அவள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். நான் எழுந்துகொண்டேன்.

“ரிப்போர்ட் நாளைக்கு வரும். ஃபோன்ல அனுப்புவோம்” என்றாள், எல்லோரிடமும் சொல்வதைப் போல.

திரும்பும் பேருந்தில் தட்டைத் துணியில் சுற்றவில்லை. மடியில் வைத்து மூடியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

வளர்ப்புப் பதிவேட்டில் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, பிரித்தெடுத்தவர் என்ற கட்டத்தில் மெஹருன்னிசா என்று பேனாவால் எழுதினேன். கெடுத்தவர் என்று ஒரு கட்டம் இல்லை. குறிப்பு என்ற இடத்தில் தேதியோடு என் பெயரை எழுதினேன். குழுக் கூட்டம் பதினைந்தாம் தேதி. தங்கமாயன் ஆள் அனுப்பிச் சொன்னார்.

காலையில் கிழங்கு வேகவைத்தேன். குழுவின் முடிவு எதுவானாலும் ஒச்சம்மாளுக்கு இன்னும் முப்பது பாக்கெட் வேண்டும்.

மாலையில் ஃபோனில் அறிக்கை வந்தது. சர்க்கரை சரி, உப்பு சரி, ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி ஒன்று. அதன்கீழே சிவப்பில் கோடு. நிலையத்தின் அச்செழுத்துக்கெல்லாம் பின்னால், தனியாக ஒரு செய்தி இருந்தது.

“ரத்தம் ரொம்பக் கம்மி. கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு. வெந்த கிழங்கையே தின்னுட்டு இருக்காத.”

கிழங்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.